ஐரேசிங் 24 மணி நேரப் போட்டி: வியூகம் திரையில், அதிர்ஷ்டம் வீட்டு வயரில்

கணினியில், இணையம் வழியாக ஓட்டும் கார் பந்தய சிமுலேட்டர்களில் ஐரேசிங் மூத்த தலைமுறை. 2008-ல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். இன்றும் சந்தா கட்டினால்தான் உள்ளே விடுவார்கள். வண்டிக்குத் தனிக் காசு, தடத்துக்குத் தனிக் காசு. இவ்வளவு செலவு வைத்தும் ஆட்கள் விட்டுப்போகாமல் இருப்பதற்குப் பெரிய காரணம் அதன் சிறப்புப் போட்டிகள். ஜனவரியில் அமெரிக்காவின் டேடோனா 24 மணி, பிறகு செப்ரிங் 12 மணி, நூர்பர்க்ரிங் 24, வாட்கின்ஸ் க்ளென் 6, ஸ்பா 24, ஆண்டுக் கடைசியில் ‘பெட்டி லெமான்’ (Petit Le Mans) என்று நிஜப் பந்தய நாட்காட்டியை ஒட்டியே இவை வரும். இந்த விமர்சனம் அந்த நெடும்போட்டிகளைப் பற்றி மட்டும்தான். உதாரணங்கள் பெரும்பாலும் டேடோனாவிலிருந்து, அதிலும் ஜிடி3 (சாலைக் கார்களிலிருந்து உருவான பந்தயக் கார் பிரிவு) வண்டியை வைத்து. முதல்முறை இறங்கும் அணிக்கு ஜிடி3தான் சரி. பந்தயத்துக்கென்றே கட்டிய, எல்லாரையும்விட வேகமான ஜிடிபி வண்டிகளின் ஹைப்ரிட் சமாச்சாரங்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

நெடும்பந்தயம் என்றால் பாதி வியூகம், பாதி அதிர்ஷ்டம் என்பார்கள். ஐரேசிங்கில் முதல் பாதி அப்படியே இருக்கிறது, சில இடங்களில் நிஜத்தைவிடக் கறாராக. இரண்டாவது பாதியைப் பெரும்பாலும் கழற்றி வைத்துவிட்டார்கள். சந்தா கட்டலாமா வேண்டாமா என்பது அந்த இரண்டாவது பாதி உங்களுக்கு எவ்வளவு முக்கியம் என்பதைப் பொறுத்தது.

நிஜ டேடோனாவை எடுத்துக்கொள்வோம். 5.73 கிலோமீட்டர் தடம், 31 டிகிரி சாய்ந்த வளைவுகள், நடத்துவது அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் பந்தய அமைப்பான இம்சா. அங்கே ஒரு வண்டி சுவரில் இடித்தால் தடம் முழுக்க மஞ்சள் கொடி. சேஃப்டி கார் வரும், எல்லாரும் அதன் பின்னால் வரிசை கட்டுவார்கள், மூன்று மணி நேரம் உயிரைக் கொடுத்துச் சேர்த்த 40 வினாடி முன்னிலை ஒரு வண்டி நீளத்துக்குச் சுருங்கிவிடும். சுற்று பின்தங்கியவர்களுக்கு ‘வேவ்-பை’ என்றொரு சலுகை உண்டு: சேஃப்டி காரைத் தாண்டிப் போய் வரிசையின் வாலில் ஒட்டிக்கொண்டு, இழந்த சுற்றை மீட்டுக்கொள்ளலாம். அதனால் அங்கே முதல் 18 மணி நேரத்தின் ஒரே வேலை, முன்னணிச் சுற்றை விட்டு விலகாமல் வண்டியை முழுசாகக் கொண்டுவருவது. 2018-ல் மஞ்சள் கொடி வெறும் 4 முறைதான் வந்தது. ஜெயித்த கேடிலாக் 808 சுற்று ஓடி தூரத்தில் சாதனை படைத்தது. அப்படிப்பட்ட ஆண்டுகள் அபூர்வம்.

கொடியைத் தவிர இயந்திரமும் இருக்கிறது. 2021 டேடோனாவில் முதலிடத்தில் இருந்த அக்யூராவைத் துரத்திக்கொண்டிருந்த ரெங்கர் வான்டர் சாண்டேயின் கேடிலாக்குக்குப் பின் டயர் போனது, பந்தயம் முடிய 8 நிமிடம்கூட இல்லாத நேரத்தில். 2016-ல் பிரான்சின் லெமான் 24 மணி நேரப் பந்தயத்தில் டொயோட்டாவின் கசுகி நகஜிமா கடைசி ஐந்து நிமிடத்தில் சக்தி இழந்து நின்றதைப் பார்க்காத பந்தய ரசிகர் இருக்க மாட்டார். டர்போவுக்கும் இன்டர்கூலருக்கும் இடையிலான காற்றுக் குழாயில் ஒரு இணைப்பு விட்டுப்போனதுதான் காரணம். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. கோப்பை போர்ஷேவுக்குப் போனது. அந்த டொயோட்டா அணியின் வியூகத்தில் எந்தக் குறையும் சொல்ல முடியாது.

தமிழ்நாட்டில் பலருக்கும் 24 மணி நேரப் பந்தயம் அறிமுகமானது 2025 ஜனவரியில், துபாயில் அஜித் குமார் ரேசிங் அணி போர்ஷே கார்களுக்கான 991 பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தபோதுதான். துபாய் பந்தயம் இடம்பெறும் தொடரில் சேஃப்டி காருக்குப் பதில் ‘கோட் 60’: அறிவித்த நொடியிலிருந்து எல்லாரும் 60 கிலோமீட்டர் வேகத்துக்கு இறங்க வேண்டும். மற்றவர்கள் ஊர்ந்துகொண்டிருக்கும்போது பெட்ரோல் போட்டுக்கொண்டால் இழப்பு குறைவு. அப்போதுதான் நிரப்பிவிட்டு வெளியே வந்த அணிக்கு அது வயிற்றெரிச்சல். இரண்டு அணிகளும் சரியாகத்தான் யோசித்திருக்கும்.

ஐரேசிங்கின் அதிகாரபூர்வ 24 மணி நேரப் போட்டிகளில் இவை எதுவும் கிடையாது. விபத்து நடந்த இடத்தில் மட்டும் மஞ்சள் கொடி காட்டப்படும். சேஃப்டி கார் வராது, வேவ்-பை கிடையாது, திடீரென்று கியர்பாக்ஸ் உடையாது, டயர் தானாக வெடிக்காது. வண்டி கெட்டுப்போனால் நீங்களோ வேறு யாரோ அதை இடித்திருக்க வேண்டும், அல்லது எஞ்சினை வதைத்திருக்க வேண்டும். மழை மட்டும் விதிவிலக்கு. 2024 மார்ச்சில் வந்த ‘டெம்பெஸ்ட்’ வானிலை அமைப்புக்குப் பிறகு தடத்தில் நீர் தேங்குகிறது, வண்டிகள் ஓடும் பாதை முதலில் காய்கிறது, எந்தச் சுற்றில் மழை டயரைக் கழற்றுவது என்பது உண்மையான சூதாட்டமாகிறது. இந்த ஒரு விஷயத்தில் அவர்களுக்கு முழு மதிப்பெண்.

இதன் நடைமுறை விளைவைப் புதியவர்கள் பெரும்பாலும் தாமதமாகத்தான் புரிந்துகொள்கிறார்கள். இழந்த சுற்று திரும்பி வராது. நிஜ டேடோனாவில் இரண்டாம் மணியில் நான்கு நிமிடம் போனால், இரண்டு மஞ்சள் கொடியில் அதை மீட்டுவிடலாம். இங்கே அந்த நான்கு நிமிடம் 24-ஆம் மணிவரை அப்படியே நிற்கும். ஆகவே நிஜப் பந்தயம் பார்த்துப் பழகிய ‘எப்படியும் மஞ்சள் வரும்’ என்ற மனக்கணக்கை முதலில் தூக்கிப் போட வேண்டும். தொடக்கச் சுற்றில் மூன்று இடம் விட்டுக்கொடுத்தால் போவது மூன்று வினாடி. முட்டினால் போவது முழுப் பந்தயம்.

பெட்ரோல் கணக்கு

கொடி இல்லாததால் இங்கே வியூகம் என்பது சுத்தமான கூட்டல் கழித்தல். ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். தொட்டி 100 லிட்டர், சுற்றுக்கு 3.1 லிட்டர், சுற்று நேரம் 1 நிமிடம் 47 வினாடி, நிரப்பும் வேகம் வினாடிக்கு 2.5 லிட்டர், பிட் பாதையில் (பெட்ரோல் போடவும் டயர் மாற்றவும் ஒதுங்கும் பக்கப் பாதை) மெதுவாகப் போவதால் மட்டும் போகும் நேரம் 30 வினாடி என்று வைத்துக்கொள்வோம். உங்கள் வண்டியின் எண்கள் வேறாக இருக்கும், முறை ஒன்றுதான்.

ஒரு தொட்டிக்கு 32 சுற்று. முழுத் தொட்டி நிரப்பி வெளியே வர 70 வினாடி. அப்படியானால் 24 முழு ஸ்டிண்ட் (ஒரு பிட்டுக்கும் அடுத்த பிட்டுக்கும் இடைப்பட்ட ஓட்டம்) ஓடி, 24 முறை பிட்டுக்கு வந்து, கடைசியாக 24 சுற்று கொண்ட ஒரு குட்டி ஸ்டிண்ட். மொத்தம் 792 சுற்று.

இப்போது யாராவது ஒருவர், “கொஞ்சம் சேமித்து ஓட்டினால் ஒரு பிட்டைக் குறைக்கலாமே” என்பார். ஒவ்வொரு அணியிலும் இப்படி ஒருவர் இருப்பார். சுற்றுக்கு 3.03 லிட்டராகக் குறைத்தால் தொட்டிக்கு 33 சுற்று. 24 ஸ்டிண்ட், 23 பிட், அதே 792 சுற்று. காகிதத்தில் அழகாக இருக்கிறது. மிச்சமாவது எவ்வளவு? ஒரு பிட் பாதைப் பயணம் 30 வினாடி, 55 லிட்டர் குறைவாக நிரப்புவதால் 22 வினாடி, ஆக 52 வினாடி. இதை 792 சுற்றில் வகுத்தால் சுற்றுக்கு 0.066 வினாடி. பெட்ரோலைச் சேமிப்பதற்காகச் சுற்றுக்கு ஒரு வினாடியின் நூறில் ஏழு பங்கு மெதுவானாலே கணக்கு உதைக்கிறது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை முன்னதாக எடுத்து உருளவிடும் ஓட்டுநருக்கு 0.15 வினாடி சர்வசாதாரணமாகப் போகும். 24 மணி நேரமும் சிக்கனமாக ஓட்டிவிட்டு ஒரு நிமிடத்துக்கு மேல் பின்னால் முடிக்கும் அணிகள் இப்படித்தான் உருவாகின்றன.

சேமிப்பே கூடாது என்று அர்த்தமில்லை, இலவசமாகக் கிடைக்கும் சேமிப்பை மட்டும் எடுக்க வேண்டும். சாய்ந்த வளைவில் முன்னால் போகும் வண்டியின் காற்று நிழலில் ஒட்டிக்கொண்டால் வேகமும் குறையாது, பெட்ரோலும் மிஞ்சும். வேகமான ஜிடிபி கடந்துபோக வழிவிடும் நேரத்தில் எப்படியும் கால் எடுக்கத்தான் வேண்டும். அதைப் பிரேக் போடும் இடத்துக்கு 50 மீட்டர் முன்பே எடுத்தால் இரண்டும் ஒரே வேலையாக முடிந்துவிடும். முன்னால் யாரையும் பிடிக்கவும் முடியாது, பின்னால் இருப்பவர் எட்டவும் மாட்டார் என்ற தனிமையான நள்ளிரவு ஸ்டிண்டில்கூடச் சேமிக்காதீர்கள். அங்கே இழக்கும் பத்தில் ஒரு பங்கு வினாடியும் அதே கடிகாரத்திலிருந்துதான் போகிறது.

அந்த 33 சுற்றுத் திட்டத்தில் இன்னொரு கண்ணி இருக்கிறது. மேலே சொன்ன எண்களை வேகம் குறையாமல் ஓட்டியதாகக் கூட்டிப் பாருங்கள்: 792-ஆவது சுற்று முடிந்து கோட்டைக் கடக்கும்போது 24 மணி நேரம் முடிய இன்னும் 46 வினாடி இருக்கும். அதாவது இன்னும் ஒரு சுற்று ஓட வேண்டும், தொட்டி காலி. அந்த 3 லிட்டருக்காக உள்ளே வந்தால் சேமித்ததில் பாதிக்கு மேல் அங்கேயே போய்விடும். போதாததற்கு, பல பிரிவு வண்டிகள் கலந்து ஓடும் போட்டியில் கடைசிச் சுற்று எது என்பதை முடிவு செய்வது உங்கள் கடிகாரம் இல்லை. ஒட்டுமொத்தமாக முதலில் ஓடும் ஜிடிபி எப்போது கோட்டைக் கடக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். அவர் கடைசி மணி நேரத்தில் ஒரு பிட் கூடுதலாகப் போட்டாலே உங்களுக்கு ஒரு சுற்று குறையலாம். கடைசி மூன்று மணி நேரத்தில் அணிக்காகக் கணக்குப் பார்ப்பவர் தன் பிரிவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் வேலைக்காகாது. நிஜத்திலேயே இந்த இடத்தில் சறுக்கியிருக்கிறார்கள்: 2024 டேடோனாவில் கடைசிச் சுற்றுக்கான வெள்ளைக் கொடியை முன்னதாகவே காட்டியதால் 24 மணி நேரப் பந்தயம் சுமார் ஒன்றரை நிமிடம் குறைவாக முடிந்தது. முதல் இரண்டு வண்டிகளுக்கும் இடைவெளி அப்போது 2.112 வினாடி.

ஐரேசிங்கில் இதற்கெல்லாம் உதவியாக எஃப்4 விசையை அழுத்தினால் திரையில் பெட்ரோல் தகவல் பெட்டி வரும், தானாக நிரப்பும் வசதியும் உண்டு. முதல் சில ஸ்டிண்டுகளுக்குத் தானியங்கியை நம்பலாம். கடைசி நிறுத்தத்தில் நம்பக் கூடாது. லிட்டரை நீங்களே குறித்து, ஒரு சுற்றுக்கான பெட்ரோலைக் கூடுதலாக வையுங்கள். 3 லிட்டருக்கு 1.2 வினாடிதான் ஆகிறது.

டயரைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. எரிபொருள் ஏறும் நேரத்துக்குள் நான்கு டயரும் மாறிவிட்டால் அது இலவசம், மாற்றிக்கொள்ளுங்கள். பெட்ரோல் கொஞ்சமாகப் போட்டு ஓடும் கடைசி நிறுத்தத்தில் மட்டும் டயருக்காக வண்டி நிற்கும், அங்கே பழையதோடு போகலாமா என்று யோசிக்க வேண்டும். புதுக் குளிர்ந்த டயரோடு வெளியேறும் முதல் சுற்றில்தான் டேடோனாவில் அதிகம் பேர் சுற்றிப்போகிறார்கள். பிட்டிலிருந்து வெளியே வரும் பாதையிலேயே சுழன்று சுவரில் உட்கார்ந்தவர்கள் உண்டு.

இடித்தபின் என்ன செய்வது

ஐரேசிங் பழுதை இரண்டாகப் பிரிக்கிறது: சரிசெய்தே ஆக வேண்டிய கட்டாயப் பழுது, விரும்பினால் சரிசெய்யலாம் என்ற விருப்பப் பழுது. கட்டாயப் பழுதை முடிக்காமல் தடத்துக்குத் திரும்ப முடியாது. கறுப்பில் ஆரஞ்சு வட்டம் போட்ட கொடி காட்டி உள்ளே கூப்பிடுவார்கள். விருப்பப் பழுதை விட்டுவிட்டுக் கிளம்பலாம். இந்த இடத்தில் அணிகள் உணர்ச்சிவசப்பட்டு முடிவெடுப்பதுதான் வாடிக்கை. அதற்கும் ஒரு வகுத்தல் போதும். விருப்பப் பழுது நேரம் 3 நிமிடம், அதாவது 180 வினாடி. இறக்கை வளைந்த வண்டி சுற்றுக்கு அரை வினாடி மெதுவாக ஓடுகிறது என்றால், 360 சுற்றில்தான் அந்த 180 வினாடி ஈடாகும். 360 சுற்று என்பது ஏறக்குறைய 11 மணி நேரம். ஐந்தாம் மணியில் இடித்தால் பொறுமையாக உட்கார்ந்து சரிசெய்யுங்கள், 18-ஆம் மணியில் இடித்தால் அப்படியே ஓட்டுங்கள். நேராகப் போகாத வண்டி மட்டும் விதிவிலக்கு. அதை இரவில் இரண்டு மணி நேரம் பிடித்து ஓட்டும் ஓட்டுநர் இன்னொரு முறை இடிப்பார்.

‘ஃபாஸ்ட் ரிப்பேர்’ என்று ஒன்றும் உண்டு, பிட்டில் வண்டி புத்தம் புதிதாகிவிடும். எத்தனை முறை என்பது போட்டிக்குப் போட்டி மாறும், பூஜ்யமாகவும் இருக்கும். பதிவு செய்யும் முன் பார்த்துவிடுங்கள். நடுத்தடத்தில் வண்டி நின்றுபோனால் இழுத்துவர ஆகும் நேரமும் கணக்கில் சேரும். டேடோனாவில் இது பொறுத்துக்கொள்ளக் கூடியது. 25 கிலோமீட்டர் நூர்பர்க்ரிங்கில் தடத்தின் மறுகோடியில் நின்றால் பல நிமிடம் போகும்.

தண்டனைப் புள்ளி முறைதான் ஐரேசிங்கில் மிகவும் எரிச்சலூட்டும் பகுதி. தடத்தை விட்டு விலகினால் 1, கட்டுப்பாடு இழந்தால் 2, இன்னொரு வண்டியோடு பலமாக மோதினால் 4. யார் தவறு என்று பார்ப்பதில்லை. பின்னால் வந்து இடித்தவருக்கும் 4, சிவனே என்று போய்க்கொண்டிருந்தவருக்கும் 4. அணியின் எல்லா ஓட்டுநர்களின் புள்ளியும் ஒரே கணக்கில் சேரும், வரம்பு தாண்டினால் பிட் பாதை வழியாகப் போகும் தண்டனை. புகார் கொடுக்கலாம், ஆனால் விசாரணை பந்தயம் முடிந்த பிறகுதான். அன்றைய முடிவு அப்படியே இருக்கும். இந்த விலைக்கு நேரடி நடுவர் இல்லாதது குறைதான்.

போக்குவரத்தில் சிக்காமல் இருக்க எஃப்3 விசையில் வரும் பெட்டியில் முன்னும் பின்னும் இருப்பவர்களின் இடைவெளியைப் பார்த்துக்கொண்டே ஓட்டப் பழக வேண்டும். ஜிடிபி உங்களைவிடச் சுற்றுக்குப் பத்து வினாடிக்கு மேல் வேகம். அவர் உள்வளைவுப் பகுதியில் வந்து சேர்ந்தால் இருவருக்கும் நேரம் போகும். சாய்ந்த வளைவில் வந்தால் யாருக்கும் ஒன்றும் போகாது. பின்னால் மூன்று வினாடியில் ஜிடிபி தெரிகிறது, நீங்கள் குதிரை லாட வளைவுக்குள் நுழைகிறீர்கள் என்றால், அந்த வளைவின் வெளியேற்றத்தில் பாதி வேகம் குறைத்து அங்கேயே அனுப்பிவிடுவது மலிவு. பின் நேர்பாதையின் கடைசியில் இருக்கும் ‘பஸ் ஸ்டாப்’ வளைவில் மட்டும் நடுவில் மனம் மாறாதீர்கள். எடுத்த பாதையில் போங்கள், பிரேக்கைப் புதிய இடத்தில் போடாதீர்கள். அங்கே நடக்கும் மோதல்களில் பெரும்பகுதி, வழிவிட நினைத்து ஒதுங்கியவருக்கும் அதே பக்கம் நுழைந்தவருக்கும் இடையில்தான்.

அதிர்ஷ்டம் ஒளிந்திருக்கும் இடம்

சர்வரும் வயரும்தான் இங்கே அதிர்ஷ்டத்தின் வீடு. 2023 ஜனவரியில் நடந்த லெமான் இணையப் பந்தயத்தில் (அது நடந்தது ஐரேசிங்கில் இல்லை, ஆர்ஃபேக்டர் 2 என்ற வேறொரு சிமுலேட்டரில்) முன்னணியில் ஓடிக்கொண்டிருந்த மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் இணைப்பு அறுந்து, கடைசியில் பந்தயத்தை விட்டே விலகினார். சர்வர் தகராறால் அந்தப் போட்டிக்கே இரண்டு முறை சிவப்புக் கொடி. ஃபார்முலா 1 சாம்பியனுக்கே அந்தக் கதி.

ஐரேசிங்கில் ஓட்டுநரின் இணைப்பு போனால் வண்டி தடத்திலிருந்து மறைந்துவிடும், பிட்டுக்கு இழுத்துவந்ததாகக் கணக்கு வைத்து, காத்திருப்பு நேரம் முடிந்ததும் சக ஓட்டுநர் ஏறிக்கொள்ளலாம். ஆகவே ஒருவர் ஓட்டும்போது இன்னொருவர் எப்போதும் சர்வரில் விழித்திருக்க வேண்டும். தூங்கப் போகிறவர் ‘கூப்பிட்டால் எழுந்துவிடுவேன்’ என்று சொல்வதை அட்டவணையில் சேர்க்காதீர்கள்.

சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ ஓட்டுகிறவருக்குப் பிங் (சர்வருக்குத் தகவல் போய்த் திரும்பும் நேரம், மில்லிவினாடியில்) மூன்றிலக்கத்தில்தான் இருக்கும். எண் பெரிதாக இருப்பது பெரிய பிரச்சினை இல்லை, ஏறி இறங்குவதுதான் பிரச்சினை. ஏறி இறங்கும்போது பக்கத்து வண்டி திரையில் இருக்கும் இடமும் சர்வரில் இருக்கும் இடமும் வேறுபட்டு, தொடாமலே மோதல் விழும். பக்கத்துப் பக்கமாக ஓடும்போது அரை வண்டி அகலம் கூடுதலாக விடுங்கள். வைஃபையில் ஓட்டவே கூடாது. ரூட்டரிலிருந்து நேராக கேபிள்.

மின்வெட்டுக்கு வாருங்கள். கணினிக்கு யுபிஎஸ் வைத்தவர்கள் பலரும் ரூட்டரையும் ஃபைபர் பெட்டியையும் மறந்துவிடுகிறார்கள். கணினி உயிரோடு இருக்கும், பந்தயம் போய்விடும். அந்த இரண்டுக்கும் 12 வோல்ட் மினி யுபிஎஸ் தனியாக வாங்கி மாட்டுங்கள், மணிக்கணக்கில் தாங்கும். கணினி, மானிட்டர், வீல் மோட்டார் எல்லாம் சேர்ந்தால் 1 கேவிஏ யுபிஎஸ் சில நிமிடம்தான் தாங்கும். அது வண்டியைப் பிட்டுக்குக் கொண்டுவந்து ஆளை மாற்றுவதற்கான நேரம் மட்டுமே. வீட்டு இன்வெர்ட்டரை நம்புகிறவர்கள் பின்னால் இருக்கும் சுவிட்சை யுபிஎஸ் நிலையில் வையுங்கள். சாதாரண நிலையில் கரண்ட் மாறும் இடைவெளியிலேயே கணினி அணைந்து எழும். பந்தயத்துக்கு முந்தைய நாள் மெயினை அணைத்து ஒருமுறை சோதித்துவிடலாம்.

ஆள் கணக்கு

ஐரேசிங்கில் ‘ஃபேர் ஷேர்’ என்றொரு விதி. மொத்தச் சுற்றை ஓட்டுநர் எண்ணிக்கையால் வகுத்து, அதில் கால் பங்காவது ஓட்டினால்தான் அந்தப் போட்டி உங்கள் கணக்கில் சேரும். 792 சுற்று, 4 பேர் என்றால் ஆளுக்குச் சம பங்கு 198, கால் பங்கு சுமார் 50. ஒரு ஸ்டிண்ட் 32 சுற்று. ஆகவே ஒவ்வொருவரும் குறைந்தது இரண்டு ஸ்டிண்ட். விபத்தில் நேரம் போனால் மொத்தச் சுற்று குறையும், பங்கும் குறையும், அதனால் இதில் மாட்டிக்கொள்வது அரிது. ஆள் பற்றாக்குறையில் ஒருவரை ஒரே ஸ்டிண்டுக்கு ஏற்றும் அணிகள்தான் மாட்டும்.

தொடக்க நேரங்கள் வழக்கமாக நான்கு. இந்திய நேரப்படி சனி அதிகாலை 3.30, நண்பகல் 12.30, மாலை 5.30, இரவு 9.30. வலுவான அணிகள் மாலை 5.30-க்குத்தான் கூடும். முதல்முறை அணிக்கு நண்பகல் 12.30 நல்லது: தொடக்கத்தின் பரபரப்பு பகலில் முடிந்துவிடும், ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குப் பந்தயமும் முடிந்துவிடும். நான்கு பேர் இருந்தால் இரண்டு இரண்டு ஸ்டிண்டாக, ஏறத்தாழ 2 மணி நேரம் ஓட்டி 6 மணி நேரம் ஓய்வு. நிஜ ஓட்டுநருக்கு இருக்கும் வெப்பமும் கழுத்து வலியும் இங்கே இல்லை, ஆனால் அதிகாலை 4 மணித் தூக்கம் அதே தூக்கம்தான்.

ஆள் மாறும்போது நடக்கும் அசட்டுத் தவறு ஒன்று: புதிதாக ஏறியவர் அடுத்த பிட்டில் என்னென்ன செய்ய வேண்டும் என்று குறிக்கும் திரைப் பெட்டிகளைப் பார்க்காமல் கிளம்பிவிடுவார். டயருக்கும் பெட்ரோலுக்கும் டிக் தானாக விழுந்திருக்கும். அடுத்த முறை 5 லிட்டருக்காக உள்ளே வந்தவருக்கு நான்கு டயரும் மாறிக்கொண்டிருக்கும். ஏறியதும் முதல் நேர்பாதையில் அந்தப் பெட்டியைத் திறந்து பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

அணிகளை ஓட்டுநர்களின் திறனைக் காட்டும் தரப்புள்ளி வைத்துப் பிரிப்பதால் உங்களுக்கு இணையானவர்களோடுதான் ஓடுவீர்கள். பெரிய போட்டிகளில் இப்படி எத்தனையோ பிரிவுகள். இது நல்ல ஏற்பாடு. 15-ஆம் மணியிலும் முன்னால் 20 வினாடியில் ஒருவரும் பின்னால் 30 வினாடியில் ஒருவரும் இருப்பார்கள், அந்த 0.066 வினாடிக் கணக்குக்கு அப்போதுதான் அர்த்தம் வரும்.

செலவு: மாதச் சந்தா 13 டாலர், ஓராண்டுக்கு 110 டாலர், புது உறுப்பினருக்குத் தள்ளுபடி அடிக்கடி வரும். ஒரு ஜிடி3 வண்டி 11.95, டேடோனா தடம் 14.95. அந்த ஒரே வண்டியை ஸ்பாவுக்கும் செப்ரிங்குக்கும் கொண்டுபோகலாம், தடத்துக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் அழ வேண்டும். ஒரே பந்தயத்துக்காக இவ்வளவும் கட்டுவது வீண்; ஆண்டுக்கு நாலைந்து நெடும்போட்டி ஓடும் அணி இருந்தால் கட்டுங்கள். லெமான் தடமும் உலக நெடும்பந்தயத் தொடரின் ஆற்றல் ஒதுக்கீட்டு விதியும் (ஒரு ஸ்டிண்டில் இவ்வளவு ஆற்றல்தான் செலவழிக்கலாம் என்பது)தான் வேண்டும் என்றால், 2025 ஜூலையில் முழுமையடைந்த ‘லெமான் அல்டிமேட்’ என்ற சிமுலேட்டர் பக்கம் போகலாம். மஞ்சள் கொடிச் சூதாட்டம் இல்லாமல் நெடும்பந்தயமே இல்லை என்பவர்கள் ஐரேசிங்கிலேயே தனியார் லீக்குகளைத் தேடுங்கள். அங்கே நிர்வாகி கட்டளை கொடுத்துக் கொடி இறக்கலாம், நேரடி நடுவர்களும் இருப்பார்கள்.

புதியவர்களுக்கு முதலில் கிடைக்கும் ரூக்கி உரிமத்தோடு இந்த நெடும்போட்டிகளில் நுழைய முடியாது என்பதால் முதல் சில வாரம் சின்னப் போட்டிகளில் மோதாமல் ஓட்டிப் பாதுகாப்புப் புள்ளி சேர்க்க வேண்டியிருக்கும். அதன்பிறகும் நேராக 24 மணிக்குப் போகாதீர்கள். வாட்கின்ஸ் க்ளென் 6 மணி நேரப் போட்டியில் தொடங்குங்கள்: மூன்று பேர் போதும், ஒவ்வொருவருக்கும் இரண்டு மணி, பிட் கணக்கு ஒரு தாளில் அடங்கும், மின்வெட்டும் ஒன்றுக்கு மேல் வர நேரமிருக்காது.